இன்சார்ஜ் சிஸ்டர்களே, மெமோவைக் கீழே வையுங்கள்!



அடுத்த மாத டியூட்டி ரோஸ்டர் எழுத இந்த வாரம் உட்காரப் போகிறீர்கள். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வார்டு இன்சார்ஜ், செவிலியர் கண்காணிப்பாளர், பழைய பழக்கத்தில் இன்னும் மேட்ரன் என்றே கூப்பிடப்படுபவர், தனியார் மருத்துவமனையின் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் என்று எந்தப் பெயரில் அந்த நாற்காலியில் இருந்தாலும் இந்த அழைப்பு உங்களுக்குத்தான்.

நம் பிள்ளைகள் உடைந்துகொண்டிருக்கிறார்கள். படிப்பை முடித்து, கவுன்சிலில் பதிவு செய்து, தேர்வெழுதி, ஆசையோடு வார்டில் ஏறியவர்கள் சில வருடங்களிலேயே வாடிப்போகிறார்கள். கெட்டிக்காரப் பெண்கள் ஜெர்மன் வகுப்புக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சிக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் ஒரு காரணம்தான், பெரிய காரணம்தான். ஆனால் அவர்களை உட்காரவைத்து மனம்விட்டுப் பேசவிட்டால் இன்னொன்றும் வெளியே வரும். "பேஷன்ட் திட்டினா தாங்கிக்கலாம் மேடம். நம்ம ஆளே எல்லார் முன்னாடியும் கேவலப்படுத்தினா எங்கே போறது?" அவர்கள் சொல்லும் அந்த நம்ம ஆள் நாம்தான்.

மேலே இருந்து வருகிற அடியை அப்படியே கீழே இறக்கிவிடுகிற வேலையை நாம் இன்றோடு நிறுத்த வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். டீன் கண்காணிப்பாளரைக் கடிந்துகொள்கிறார். கண்காணிப்பாளர் இன்சார்ஜைக் கூப்பிட்டு ஏறுகிறார். இன்சார்ஜ் ஸ்டாஃப் நர்ஸை நிற்கவைத்துக் கேட்கிறார். அந்தப் பெண் யாரிடம் போவாள்? லேபர் வார்டில் வலி தாங்காமல் கத்துகிற முதல் பிரசவக்காரி மேல் போய் விழுகிறது அது. தொடையில் அடி, காதில் கேட்கக் கூசும் பேச்சு. பிரசவ அறையில் பெண்களை மரியாதையாக நடத்த வேண்டும் என்று 2017-இல் லக்ஷ்யா திட்டம் வந்தது. சுவரில் போஸ்டர் ஒட்டினோம், பயிற்சி கொடுத்தோம். தன்னை யாரும் மரியாதையாக நடத்தாத இடத்தில் வேலை பார்க்கிறவளிடம் அந்த மரியாதையை எங்கிருந்து எதிர்பார்க்கிறோம்?

கருணை என்றதும் சிலருக்குச் சிரிப்பு வருகிறது. வார்டு என்ன ஆசிரமமா என்கிறார்கள். சரி, அன்பு, பாசம் எல்லாவற்றையும் ஓரமாக வைப்போம். நோயாளியின் உயிரை மட்டும் பேசுவோம்.

இப்படி ஓர் இரவை எண்ணிப் பாருங்கள். மெடிக்கல் வார்டு, அதிகாலை 3 மணி. கட்டில்கள் நிறைந்து தரையிலும் பாய் விரித்திருக்கிறது. ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைக்க டிரேயில் இருந்து டிஸ்டில்ட் வாட்டரை எடுக்கிறாள். உடைக்கப் போகிற நொடியில் லேபிள் கண்ணில் படுகிறது. பொட்டாசியம் குளோரைடு. அதே அளவு, அதே நிறமற்ற மருந்து. யாரோ அவசரத்தில் இரண்டையும் ஒரே டிரேயில் போட்டிருக்கிறார்கள். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அவள் கை நடுங்குகிறது. அதைத் தனியாக எடுத்து வைக்கிறாள், சரியானதை எடுத்து ஊசி போடுகிறாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காலை 7 மணிக்கு ஓவர் கொடுக்கும்போது இதை அவள் சொல்வாளா?

அது முழுக்க முழுக்க உங்கள் முகத்தைப் பொறுத்தது. "டிரேயைச் செக் பண்ணாம நைட் முழுக்க என்ன பண்ணிட்டு இருந்தே, எழுதிக் கொடு" என்று கேட்கிற இன்சார்ஜ் என்றால் அவள் வாயைத் திறக்க மாட்டாள். இன்றிரவு இன்னொருத்தி அதே டிரேயில் கை வைப்பாள், அவள் லேபிளைப் பார்க்காமலும் போகலாம். "நல்ல வேளை பார்த்தேம்மா, வா, முதல்ல அந்த டிரேயைக் காட்டு" என்கிற இன்சார்ஜ் என்றால் பத்து நிமிடத்தில் பொட்டாசியம் தனி அலமாரிக்குப் போய்விடும், பூட்டும் சிவப்பு லேபிளும் ஏறிவிடும். ஒரு மரணம் நடக்காமலே போய்விடும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

இது என் ஊகம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்கினார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. துருவிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அங்கே அதிகம் தவறு செய்யவில்லை, அதிகம் வெளியே சொன்னார்கள். செவிலியர் மேலாளர் மேல் பயம் இருந்த வார்டுகளில் ஏடு சுத்தமாக இருந்தது, தவறுகள் அடியில் புதைந்து கிடந்தன. 1996-இல் வெளியான அந்த ஆய்வை உலகம் முழுக்க நிர்வாகப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நம்மைப் பற்றியது தோழியரே. வார்டு இன்சார்ஜைப் பற்றியது. உங்கள் வார்டின் இன்சிடென்ட் ரிஜிஸ்டர் பல மாதமாக வெறுமையாக இருந்தால் பெருமைப்படாதீர்கள், பதறுங்கள்.

பயத்தால் நடத்தப்படும் மருத்துவமனை எங்கே போய் முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று இருக்கிறது. ஸ்டாஃபோர்ட் என்ற ஊரின் மருத்துவமனை. 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் ஈரப் படுக்கையிலேயே கிடந்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. கழிவறைக்கு அழைத்துப் போகச் சொல்லி முதியவர்கள் மணி அடித்துக்கொண்டே இருந்தார்கள். ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் தலைமையிலான விசாரணை 2013 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 290 பரிந்துரைகள். செவிலியர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களாகிவிட்டார்கள் என்று அறிக்கை சொல்லவில்லை. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்தது நிர்வாகம். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவரை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்ற இலக்கைக் காட்டி மேலிருந்து கீழ்வரை மிரட்டல் நடந்தது. நேரத்தை மாற்றி எழுதச் சொல்லி வற்புறுத்தினார்கள் என்று ஹெலீன் டோனலி என்ற செவிலியர் சாட்சி சொன்னார். வாயைத் திறந்ததற்காக அவருடைய சக ஊழியர்களே அவரை மிரட்டினார்கள்.

சக ஊழியர்களே. அந்த ஒரு விவரம்தான் என்னை விடாமல் துரத்துகிறது. ஏனென்றால் நம் ஊர் வார்டுகளிலும் உண்மை பேசுகிறவளைத் தனிமைப்படுத்துவது பெரும்பாலும் டீன் அல்ல, டாக்டர் அல்ல. நாமேதான்.

"நாங்க பட்டோம், இவங்களும் படட்டும்" என்கிற பேச்சை இனி யாராவது எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஹாஸ்டல் வார்டனிடம் பட்டோம், டியூட்டரிடம் பட்டோம், சீனியரிடம் பட்டோம். காய்ச்சலோடு நைட் டியூட்டி பார்த்தோம். பால் கட்டிய மார்போடு ஓ.டி.யில் நின்றோம். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு லீவு கேட்டு அழுதோம். அந்தக் கண்ணீரெல்லாம் அடுத்த தலைமுறையிடம் வசூல் செய்வதற்காகவா?

இன்னொரு கேள்வியும் வரும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்களே, அப்புறம் வேலை எப்படி நடக்கும்?

நடக்கும். நான் ஜூனியராக இருந்தபோது ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். ரோஸ்டரை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். எழுதி இரண்டு நாள் டியூட்டி ரூம் மேசையில் விட்டுவிடுவார், பக்கத்தில் ஒரு ரப்பர். யாருக்கு வீட்டில் விசேஷம், யார் பிள்ளைக்குப் பரீட்சை, யாருடைய மாமியாருக்கு ஆபரேஷன், அவரவர் தங்களுக்குள் பேசி அழித்து மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் அவர் பேனாவால் எழுதிவிட்டால் அதோடு முடிந்தது, அதற்குப் பிறகு யாரும் மாற்றச் சொல்லிப் போய் நிற்க முடியாது. அந்த வார்டில் திடீர் லீவு போடுகிறவர்கள் அநேகமாக இல்லை. யாரும் சோம்பேறியாகவும் இல்லை. ஏனென்றால் சிஸ்டர் காலையில் வந்ததும் முதலில் நைட் ஸ்டாஃபிடம் "சாப்டியாம்மா" என்று கேட்பார், அடுத்த கேள்வி "ஏழாம் நம்பர் பெட் யூரின் அவுட்புட் எவ்வளவு?" இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும். ரவுண்ட்ஸில் ஒரு டாக்டர் கேஸ் ஷீட்டைத் தூக்கி எறிந்தபோது அந்த அம்மா குனிந்து அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, "என் பிள்ளைகிட்ட ஏதாவது குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க சார், நான் கேட்டுக்கறேன்" என்றார். குரல் உயரவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வார்டில் கேஸ் ஷீட் பறக்கவில்லை.

கருணை என்று நான் சொல்வது இதைத்தான். கீழே இருப்பவர்களுக்கு முன்னால் போய் நிற்கிற முதுகெலும்பு.

அதனால் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுவோம். இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிர்வாகம் நம்மை ஏமாற்றவும் பார்க்கும். மன அழுத்தத்துக்கு யோகா வகுப்பு, செவிலியர் தினத்தன்று மே 12-ஆம் தேதி ரோஜாப்பூவும் கேக்கும், சுவரில் ஒரு நல்ல வாசகம். ஆள் மட்டும் போட மாட்டார்கள். கற்பிக்கும் மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், அதற்கு மேல் விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் ஆட்கள் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வரையறுத்திருக்கிறது. நம் வார்டுகளில் இரவில் நிற்பவர்களை எண்ணிப் பாருங்கள். பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் குழு செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டது. செவிலியர் மனம் சோர்ந்து கருகிப்போகும் வாய்ப்பு கூடுவது 23 சதவீதம். ஆள் கேட்டுப் போராடாத கருணை வெறும் பூச்சு.

ஆகவே ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர் என்று இரண்டு எண்களை எழுதுங்கள். சென்சஸ் எப்படியும் எழுதுகிறோம், அதன் பக்கத்தில் இதையும் எழுதக் கை வலிக்காது. மாதக் கடைசியில் கூட்டி, கையெழுத்துப் போட்டு, கண்காணிப்பாளர் வழியாக டீனுக்கு அனுப்புங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு நோயாளி இறந்து, மெமோ இரவு டியூட்டி பார்த்த பெண்ணைத் தேடி வரும்போது அந்தக் காகிதம் அவளுக்கு அரணாக நிற்கும். வாய் வார்த்தையாகக் குறை சொன்னதெல்லாம் விசாரணையில் காற்றோடு போய்விடும்.

ஒப்பந்தச் செவிலியர்களைப் பற்றி நாம் பேசாமல் இருக்க முடியாது. 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வு வழியாக ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். மாதம் 7,700 ரூபாய். பக்கத்தில் நின்று அதே ஊசியைப் போட்டவருக்கு அதைப்போலப் பல மடங்கு. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் அவர்கள் போய் உட்கார்ந்தபோது நம்மில் எத்தனை பேர் அவர்களுக்காகப் பேசினோம், எத்தனை பேர் அவர்கள் போன டியூட்டியை நிரப்புகிற எரிச்சலில் அவர்களையே திட்டினோம்? தொகுப்பூதியத்தில் இருப்பவள் என்பதற்காக அவளுக்கு நைட் அதிகம் போடுவதும், பண்டிகை நாளெல்லாம் அவள் தலையில் கட்டுவதும், "நீ கான்ட்ராக்ட் தானே" என்று ஒரு வார்த்தையில் வாயடைப்பதும் இன்னும் நடக்கிறது. அவர்களுக்கும் மகப்பேறு சலுகை உண்டு என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியாயிற்று. அதை உங்கள் வார்டில் கர்ப்பமாக இருக்கும் ஒப்பந்தச் செவிலியருக்கு முதலில் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். விண்ணப்பம் எழுத உதவ வேண்டிய ஆளும் நீங்கள்.

தனியார் மருத்துவமனைத் தோழியருக்குத் தனியாகச் சில வார்த்தை. உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரியும். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறைந்து கொடுக்கக் கூடாது என்றது. பல இடங்களில் அது காகிதத்தோடு நின்றுவிட்டது. ஊதியம் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். வேலைக்குச் சேர்ந்தவளின் அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு அவளைப் பணயக்கைதியாக்கும் வழக்கத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருக்கலாம். குறைந்தது அதையாவது மறுத்துவிடுங்கள்.

அடி, உதை விஷயம். நோயாளியோடு வந்தவர்கள் குடித்துவிட்டு வந்து செவிலியர் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். நாம் என்ன சொல்கிறோம்? "விடும்மா, பெரிசாக்காதே." இல்லை, பெரிதாக்குங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டே தனிச் சட்டம் வந்துவிட்டது. புகாரை அந்தப் பெண் தனியாகப் போய்க் கொடுக்கக் கூடாது. இன்சார்ஜ் கூடப் போக வேண்டும், ஆர்.எம்.ஓ.விடம் நிறுவனத்தின் பெயரில் புகார் கேட்க வேண்டும். வக்கிரமாகப் பேசுகிறவர் நம் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தால் அதற்கு 2013 சட்டப்படியான உள் புகார்க் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர் பெயர்கள் உங்கள் டியூட்டி ரூம் சுவரில் இருக்கின்றனவா? இல்லையென்றால் நாளைக்கே ஒட்டுங்கள்.

இரவு தனியாக இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரையும் மறந்துவிடாதீர்கள். மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும் இடம். ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்ற இருவரின் தூக்கம் போயிற்று. ஊருக்கு வெளியே கட்டடம், வாட்ச்மேன் இருந்தால் உண்டு. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று நடுராத்திரி அவள் உங்கள் மருத்துவமனைக்குப் போன் செய்தால், "ஏன் முன்னாடியே ரெஃபர் பண்ணலை" என்பது முதல் வாக்கியமாக இருக்கக் கூடாது. "இப்ப பி.பி. என்ன, என்ன கொடுத்திருக்கே, நாங்க ரெடியா இருக்கோம்" என்பதாக இருக்கட்டும். மற்றதை மறுநாள் பேசலாம்.

கருணை என்பதால் எதையும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரசவக்காரியை அடிக்கிறவளை, நோயாளியின் உறவினரிடம் காசு கேட்பவரை, கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதுகிறவரை விட்டுவைப்பது நோயாளிக்குச் செய்கிற துரோகம். அங்கே மெமோ வேண்டும், நடவடிக்கை வேண்டும், தயங்கக் கூடாது. ஆனால் பதினாறு மணி நேரம் நின்றவள் டிரிப் தீர்ந்ததைக் கவனிக்கத் தாமதித்ததும், பழக்கப்படாத புதுப் பெண்ணுக்கு ஐ.வி. லைன் மூன்றாவது முயற்சியிலும் கிடைக்காததும், யாரோ எடுத்துப்போன பி.பி. கருவி இன்வென்டரியில் குறைவதும் அந்தக் கணக்கில் சேராது. தொலைந்த சாமானுக்கு அவள் சம்பளத்திலிருந்து காசு பிடிக்கும் பழக்கத்தை நிறுத்துவதற்கு அரசாணை எதுவும் வர வேண்டியதில்லை. தொலைந்ததைக் கணக்கிலிருந்து நீக்க முறை இருக்கிறது, எழுதி அனுப்புங்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, பேனாவை எடுக்கும் முன் அவளை உட்காரவைத்துக் கேட்பது. தனியாக, கதவைச் சாத்தி, முழுசாக. நோயாளி கட்டில் பக்கத்தில் வேண்டாம், மாணவிகள் முன்னால் வேண்டவே வேண்டாம். நாம் ஒரு ஸ்டாஃபைத் திட்டுவதை நர்சிங் மாணவிகள் நின்று பார்க்கிறார்களே, அவர்கள் அங்கே ஒரு பாடம் படித்துக்கொண்டு போகிறார்கள். பத்து வருடம் கழித்து அதைத்தான் நடத்துவார்கள்.

இப்போது வேலைக்கு வருகிறேன். இந்த மாத இன்சார்ஜ் கூட்டத்தில் காயகல்ப் மதிப்பெண், இன்டென்ட், லினன் கணக்கு எல்லாம் பேசி முடித்ததும் யாராவது ஒருவர் எழுந்திருங்கள். கேட்டு விசாரிக்காமல் மெமோ இல்லை என்பதை முதல் தீர்மானமாக வையுங்கள். சொன்ன தவறுக்குத் தண்டனை இல்லை, மறைத்ததற்கு மட்டுமே கேள்வி என்பதை இரண்டாவதாக வையுங்கள். ஆள் கணக்கு மாதாமாதம் எழுத்தில் போகும் என்பதை மூன்றாவதாக. தனியாக எழுந்து பேசப் பயமாக இருந்தால் முந்தின நாளே பக்கத்து வார்டு இன்சார்ஜிடம் பேசி இருவராக எழுந்திருங்கள். ரிட்டயர்மென்ட் நெருங்கியவர்கள் முன்னால் வாருங்கள், உங்களை எங்கே மாற்றிவிடப் போகிறார்கள்? சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் இதை மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு போங்கள், ஊதிய உயர்வுக் கோரிக்கையின் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள்.

கண்காணிப்பாளர் மறுத்தால் தீர்மானத்தை எழுதி, ஒப்புக்கொள்கிறவர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு டீன் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள். ஐந்து பேர்தான் இருந்தாலும் கொடுங்கள். அந்த ஐந்து வார்டுகளில் நாளைக் காலை 7 மணி ஓவரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.